பலகையில் வைத்த ஊர்

மருதங்கரையில் பாதியை ஆறு கொண்டுபோன வருடம், எதிர்க்கரையில் புது ஊர் கட்டும் பொறுப்பை அரசர் மழவனிடம் கொடுத்தார். மழவன் பெரிய தச்சன். கோயில் கட்டியிருக்கிறான், கோட்டை கட்டியிருக்கிறான். ஊர் கட்டியதில்லை.

மழை நிற்கும்வரை வேலை தொடங்க முடியாது. அதுவரை எதிர்க்கரைத் துறைக்கு மேலே பழைய சத்திரத்தில் இருக்கும் பரவை என்பவரிடம் போய் இருக்கச் சொன்னார் அரசர். ஊர் வைக்கத் தெரிந்தவர் என்று மட்டும் சொன்னார்.

மழவன் ஓடத்தில் ஆற்றைக் கடந்து போனான். நரைத்த ஒருவரை எதிர்பார்த்துப் போனவனுக்கு, தன்னைவிட வயது குறைந்த ஒரு பெண் கீரை ஆய்ந்துகொண்டிருந்தது ஏமாற்றமாக இருந்தது. அரசர் அனுப்பியதைச் சொன்னான். அவர்தான் பரவை. கேட்டுக்கொண்டார்.

"ஊர் கட்ட எனக்குத் தெரியாது. ஒரு ஆட்டம் தெரியும். ஆடுகிறீர்களா?" என்றார்.

சரி என்றான்.

உள்ளே ஒரு தேக்குப் பலகை கிடந்தது. கட்டம் கட்டமாகக் கீறியிருந்தது. வேம்பன் என்ற துணி வியாபாரி அதன் முன்னால் உட்கார்ந்திருந்தான். ஒவ்வொரு மழைக்காலத்திலும் அவன் இங்கேதான் இருப்பான். மழையில் துணி விற்காது.

பரவை ஆட்டத்தை வைத்துக் காட்டினார். முதலில் ஆறு. நீலச் சாயமிட்ட மரத்துண்டுகளைப் பலகையின் ஓர் ஓரத்திலிருந்து எதிர் ஓரம்வரை அடுக்கினார். நேராக வைத்தாலும் சரி, வளைத்து வைத்தாலும் சரி, நடுவில் அறுபடக் கூடாது. பிறகு ஆற்றங்கரையில் தெரு என்று கீறிய ஒரே ஒரு மர வில்லையை வைத்தார். அதுதான் துறை. ஊர் அங்கிருந்துதான் வளர வேண்டும்.

மற்ற வில்லைகள் எல்லாம் ஒரு துணிப்பைக்குள் போயின. வீடு, தெரு, கிணறு, சந்தை, கோயில். பையைக் குலுக்கி ஆளுக்கு மூன்று வில்லை எடுத்துக்கொள்ள வேண்டும். அடுத்தவருக்குக் காட்டக் கூடாது. தன் முறை வரும்போது ஒன்றை வைத்துவிட்டுப் பையிலிருந்து ஒன்று எடுக்க வேண்டும். வைக்கும் வில்லை ஏற்கெனவே இருக்கும் ஒன்றைத் தொட வேண்டும். வீடு என்றால் தெருவைத் தொட வேண்டும். வைத்ததை எடுக்கக் கூடாது.

"ஊர் ஒன்றுதான். மூன்று பேரும் சேர்ந்து கட்டுவது. வீட்டை வைத்ததும் அதன்மேல் உங்கள் நிறத்தில் ஒரு குச்சியை நட்டுவிடுங்கள். அது உங்கள் குடி" என்றார் பரவை.

வீட்டுக்கு ஒரு புள்ளி. சந்தையையோ கோயிலையோ தொட்டு நின்றால் மூன்று. பை காலியானதும் எண்ண வேண்டும். கிணற்றுக்கு என்ன புள்ளி என்று மழவன் கேட்டான். கிணற்றுக்குப் புள்ளி இல்லை என்றார்.

"யார் முதலில்?"

"கடைசியாக ஆற்றைக் கடந்தவர்."

மழவன் முதலில் வைத்தான்.

அவனுக்கு ஆட்டம் சீக்கிரம் பிடிபட்டது. கோயில் வில்லை கைக்கு வந்தால் உடனே வைக்காமல் வைத்திருந்தான். வேம்பன் ஒரு தெருவை நீட்டிக்கொண்டு சந்தைப் பக்கம் வரும்போது, அதன் குறுக்கே கோயிலை வைத்து அடைத்தான். கோயிலைச் சுற்றித் தன் வீடுகளை நிறுத்தினான். வேம்பனின் வீடுகள் ஆற்றோரமாக ஒதுங்கின. கிணறுகள் வந்தால், எங்கே வைத்தால் தன் வழிக்கு இடைஞ்சல் இல்லையோ அங்கே வைத்தான். எல்லாக் கிணறும் ஒரு மூலையில் சேர்ந்துகொண்டன.

அன்று அவன் ஜெயித்தான். மறுநாளும் ஜெயித்தான். வேம்பன் அலட்டிக்கொள்ளவில்லை. பரவை வில்லைகளைப் பையில் போட்டார்.

சில நாளில் மழவனுக்குச் சலித்துவிட்டது. வெளியே மழை நிற்கிற பாடில்லை. மனைவி செம்பி, மூச்சு இரைக்கும் தன் மாமனாரை வைத்துக்கொண்டு யாரோ ஒருவர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் இருந்தாள். ஆறு கொண்டுபோன பாதியில் அவர்கள் வீடும் ஒன்று. ஒரு காலை, ஆட்டம் முடிந்து எண்ணியதும், மழவன் பேச்சை எடுத்தான்.

"தினமும் நான்தான் ஜெயிக்கிறேன். கற்க வேண்டியது முடிந்துவிட்டதென்றால் நான் கிளம்பட்டுமா?"

"இன்னும் பலகையைக் கலைக்கவில்லையே" என்றார் பரவை. "கண்ணை மூடிக்கொண்டு ஒரு குச்சியை எடுங்கள்."

எடுத்தான். மஞ்சள் குச்சி.

"இது வேம்பனுடையது."

"இப்போது உங்களுடையது. அது நின்ற வீட்டிலேயே வையுங்கள். காலையில் எழுந்து கிணற்றுக்குப் போங்கள். பிறகு சந்தைக்கு. பிறகு வீடு. தெருவில்தான் நடக்க வேண்டும். சோழியைப் போடுங்கள். எத்தனை நிமிர்ந்து விழுகிறதோ அத்தனை கட்டம் நடக்கலாம். நான் உலை வைக்கிறேன்."

அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். மழவன் சோழியைப் போட்டான். குச்சி நின்ற வீடு ஆற்றோரக் கடைசி வீடு. கிணறுகள் எதிர் மூலையில் இருந்தன. நேரே போகலாம் என்று பார்த்தால் நடுவில் கோயில் நின்றது. அவன் வைத்த கோயில். சுற்றிப் போனான். கிணற்றை அடைந்து சந்தைக்குத் திரும்பும்போது அரிசி கொதிக்கும் மணம் வந்தது. சந்தைக்கு இரண்டு கட்டம் இருக்கையில் பரவை கஞ்சி வடித்தார்.

வேம்பன் கை கழுவிக்கொண்டு வந்தான். மழவனும் எழுந்தான்.

"வீட்டுக்கு வந்துவிட்டீர்களா?" என்று கேட்டார் பரவை.

"இன்னும் இல்லை."

"வந்ததும் சாப்பிடலாம்."

அவர்கள் இருவரும் சாப்பிட்டார்கள். மழவனுக்கு முகம் சிவந்தது. இது ஆட்டத்தின் விதியில் இல்லையே என்றான். ஆட்டத்தின் விதியில் இல்லைதான் என்று ஒப்புக்கொண்டு அவர் குழம்பு ஊற்றிக்கொண்டார். மழவன் மறுபடி உட்கார்ந்து சோழியைப் போட்டான். குச்சி வீடு வந்து சேர்ந்தபோது சோறு ஆறிப்போயிருந்தது. அதைத்தான் சாப்பிட்டான்.

அதன்பிறகு எண்ணி முடித்ததும் குச்சி எடுப்பது வழக்கமாகிவிட்டது. எந்த நிறம் கையில் வரும் என்று முன்னால் தெரியாது. மழவன் பயந்து ஆடத் தொடங்கினான். கிணற்றை ஊருக்கு நடுவில் வைத்தான். தெருக்களைத் திறந்தே விட்டான். கோயில் கையில் வந்தால் எங்கே வைப்பது என்று வெகுநேரம் யோசித்தான். சுடுசோறு கிடைத்தது. ஆனால் தோற்றுக்கொண்டே இருந்தான். வேம்பன் ஜெயித்தான்.

தோற்பது மழவனுக்குப் பழக்கமில்லை. ஒரு நாள் வில்லைகளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

"ஜெயிக்க நினைப்பது தவறா?"

"இல்லையே. தோற்றால் எனக்கும் பிடிக்காது."

"நீங்கள் ஜெயித்து நான் பார்த்ததில்லை."

"உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டத்தைப் பார்க்கவில்லை. வையுங்கள், ஆடுவோம்."

அன்று பரவை ஆடினார். வேம்பன் நீட்டிய தெருவை அவர் அடைக்கவில்லை. அதன் முனையிலிருந்தே தன் தெருவைத் தொடங்கினார். இரண்டும் சேரும் இடத்தில் சந்தையை வைத்தார். வேம்பனின் வீட்டுக்கு மூன்று புள்ளி கிடைத்தது. அவருடைய வீடுகள் இரண்டுக்கும் கிடைத்தது. மழவன் வைத்த கிணற்றுப் பக்கமே அடுத்த சந்தையைக் கொண்டுபோனார். அது தன் வீட்டுக்கும் பயன்படும் என்பது மழவனுக்குப் பிறகுதான் புரிந்தது. பை காலியானபோது மூவருக்கும் நிறையப் புள்ளி இருந்தது. பரவைக்கு எல்லாரையும்விட அதிகம். குச்சி எடுத்தார்கள். அரிசி கொதிப்பதற்குள் குச்சி வீட்டுக்கு வந்துவிட்டது.

மழவன் அந்தப் பலகையை அன்று யாரையும் கலைக்கவிடவில்லை. சாயங்காலம்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

மழை நின்றது. அவன் திரும்பிப் போய் வேலையைத் தொடங்கினான். அடுத்த மழைக்குள் எதிர்க்கரையில் ஊர் எழுந்தது. நடுவில் பெரிய கிணறு, அதை ஒட்டிச் சந்தை, நாலாபக்கமும் திறந்த தெருக்கள். தெற்கே ஆற்றோரம் மட்டும் நிலம் பள்ளமாக இருந்தது. வண்டி வண்டியாக மண் கொட்டிக் கூடியவரை மேடாக்கினான். அதற்குமேல் என்ன செய்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கம் வீடு கட்டாமல் விட்டால் எல்லாருக்கும் இடம் போதாது.

வீடுகளைப் பங்கிடும்போது தகராறு வந்தது. மேட்டுத் தெரு தங்களுக்கு என்றார்கள் நெசவாளர்கள். கோயில் தெருவை வியாபாரிகள் கேட்டார்கள். பள்ளத்துத் தெருவை யாரும் கேட்கவில்லை. மீனவர்கள்தான் ஆற்றுக்குப் பக்கம் போக வேண்டும் என்று யாரோ சொல்ல, அதைவிட இடிந்த கரையிலேயே கிடப்போம் என்று மீனவர்கள் மூட்டை கட்டினார்கள். சிலர் ஓடத்தில் ஏறியும் விட்டார்கள்.

மழவன் துறைக்கு ஓடினான். ஒரு பானையில் சீட்டுப் போட்டு எல்லாரும் எடுப்போம் என்றான். யாரும் இறங்கவில்லை. அதைச் சொல்வது உனக்கு எளிது, உனக்குத்தான் அரசர் அரண்மனைக்குப் பக்கத்தில் வீடு கொடுத்துவிடுவாரே என்று ஓடத்திலிருந்து ஒரு கிழவர் சொன்னார்.

"என் சீட்டும் பானையில் இருக்கும்" என்றான் மழவன்.

அப்போதுதான் இறங்கினார்கள்.

சந்தையில் பானையை வைத்து எடுத்தார்கள். மீனவர்களில் ஒருவருக்குக் கோயில் தெரு விழுந்தது. நெசவாளர் ஒருவருக்கு அதற்கு எதிர்வீடு. மழவனுக்குப் பள்ளத்துத் தெருவின் கடைசி வீடு விழுந்தது. செம்பி அவனைப் பார்த்தாள்.

வீட்டுக்குப் போன பிறகுதான் பேசினாள். மண் கொட்டியிருக்கிறாயே, தண்ணீர் வராதல்லவா என்று மட்டும் கேட்டாள். வராது என்றான்.

முதல் பெருமழையில் தண்ணீர் வாசலுக்கு வந்தது. இரண்டாவது மழையில் உள்ளே வந்தது. செம்பி நெல்லையும் மாமனாரையும் பரண்மேல் ஏற்றினாள். மழவன் அக்கம்பக்கத்தாரைக் கூட்டி வாய்க்கால் வெட்டினான். மற்ற வீடுகளுக்குத் தண்ணீர் வருவது நின்றது. அவன் வீட்டில் மட்டும் நிற்கவில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடத் தாழ்ந்த இடம். ஈரத்தில் அப்பாவின் இரைப்பு அதிகமாயிற்று. படுத்தால் மூச்சு முட்டியது. உட்கார்ந்தே தூங்கினார்.

இது அரசர் காதுக்குப் போனது. கோயில் தெருவில் ஒரு வியாபாரி வேறு ஊருக்குப் பிழைக்கப் போய்விட்டான். அவன் வீடு காலியாக இருக்கிறது, உடனே குடிபோ என்று ஆள் அனுப்பினார். செம்பி பாத்திரங்களைக் கட்டத் தொடங்கினாள்.

"சீட்டு எடுத்தது எடுத்ததுதான்" என்றான் மழவன்.

"உன் அப்பா சீட்டு எடுக்கவில்லை" என்றாள் செம்பி.

மழவன் நடந்து பரவையிடம் போனான். சத்திரத்தின் முன்னால் அவர் நெல் உலர்த்திக்கொண்டிருந்தார். அன்று வெயில் அடித்தது. அவன் பக்கத்தில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொன்னான். மீனவர்கள் ஓடத்திலிருந்து இறங்கியது, பானை, பள்ளத்துத் தெரு, அப்பாவின் மூச்சு, அரசர் அனுப்பிய ஆள். சொல்லச் சொல்லத் தன் பக்கத்தைவிட மனைவி பக்கம்தான் நியாயம் என்று அவனுக்கே பட்டது. ஆனால் தெருவில் எல்லாரும் தன்னைப் பார்ப்பார்கள் என்பதும் நெஞ்சை விட்டுப் போகவில்லை.

"நான் போகலாமா, கூடாதா? நீங்கள் சொல்லுங்கள்" என்றான்.

பரவை நெல்லைக் கிளறிவிட்டார்.

"அப்பா எப்படி இருக்கிறார்?"

"நேற்று ஒன்றும் சாப்பிடவில்லை."

"நீங்கள் போய்விட்டால் அந்த வீட்டுக்கு யார் வருவார்கள்?"

"இன்னும் யாரும் இல்லை. வெளியூரிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். யாராவது கேட்பார்கள்."

பரவை நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"போங்கள். அப்பாவை இன்றைக்கே கூட்டிப்போங்கள். அந்த வீட்டைக் கேட்டு வருகிறவரிடம், இதைக் கட்டியவன் நான், உள்ளே தண்ணீர் வரும் என்று நீங்களே நின்று சொல்லுங்கள்."

மழவன் எழுந்து ஊரை நோக்கி நடந்தான்.