ஒட்டிக்கொண்ட வளையம்

மலையடிவாரத்து மடத்தில் மத்தியான முதல் பந்தி முடியும் முன்பே, மாதாமாதம் அங்கே வந்து போகும் அருள்விழி கை கழுவப் பின்கட்டுக்குப் போனாள். அங்கே தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், வெறுந்தரையில் இலை போட்டுச் செல்லக்கிளி அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மடத்தின் பாத்திரங்களையும் கக்கூஸ்களையும் கழுவுகிறவர். போன மாதமும் அங்கேதான் சாப்பிட்டார்.

போன மாதம் அதற்காகத்தான் அருள்விழி சபையில் எழுந்து நின்றாள். எல்லா உயிரும் ஒன்று என்று காலையில் பாடுகிறோமே, மத்தியானம் பசி வந்ததும் அது மறந்துபோகுமா என்று கேட்டாள். மடத்துத் தலைவர் வேலாயுத அடிகள் அன்றைக்கே பழைய மேலாளரை நீக்கிவிட்டுப் புது ஆளை வைத்தார். ஊரே அவரைக் கொண்டாடியது. அருள்விழியும் காலில் விழுந்து கும்பிட்டாள். இப்போது அதை நினைத்தால் நெற்றி எரிந்தது.

புது மேலாளரிடம் கேட்டாள். தான் யாரையும் தடுக்கவில்லை, கூடத்தில் அந்த அம்மாவுக்கு இலை போடச் சொல்லித் தனக்கு உத்தரவும் வரவில்லை என்றார் அவர். முன்வரிசையில் உட்காரும் அறங்காவலர் வீட்டாருக்கு அது பிடிக்காது என்பதை மட்டும் ரகசியம்போல, ஆனால் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்.

அவள் பையைக் கட்டிக்கொண்டு அடிகளைத் தேடிப் போனாள். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால், முன்சக்கரங்களைப் பலகைமேல் ஏற்றி நிறுத்திய பழைய மாருதிக்கு அடியில் அவர் படுத்திருந்தார். வெளியே கால்கள் மட்டும்தான் தெரிந்தன. போன மாதம் கும்பிட்ட அதே கால்களிடம்தான் அவள் பேச வேண்டியிருந்தது.

"செல்லக்கிளி அக்கா இன்னும் பின்கட்டுலதான் சாப்பிடுறாங்க. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

அவர் எண்ணெய் மாற்ற எஞ்சினின் வடிகால் திருகைத் திறந்துவிட்டார். கரிய எண்ணெய் சட்டியில் விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"காதுல விழுந்துச்சா சாமி?"

"விழுந்துச்சு தாயி. அந்தப் புது ஆயில் ஃபில்டரை எடு."

"நான் பஸ்சுக்குக் கிளம்பிட்டேன்."

"இது முடியட்டும், நானே கொண்டுபோய் விடுறேன்."

அவள் எடுத்துக் கொடுத்தாள், கிட்டத்தட்ட எறிந்தாள். அவர் தலையை வெளியே நீட்டி, ஃபில்டரின் வாயில் இருந்த ரப்பர் வளையத்தில் விரலால் எண்ணெய் தடவினார். மறுபடி உள்ளே போய், பழையதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இதைக் கையாலேயே திருகி மாட்டினார். அத்தனை நேரமும் அவள் விடவில்லை. பழைய மேலாளர் செய்த தப்புதான் என்ன என்றாள். நீங்கள் விட்டுவைத்த வழக்கத்தை அவர் காப்பாற்றினார், அவரை விரட்டி நீங்கள் நல்ல பேர் வாங்கிக்கொண்டீர்கள் என்றாள். பொறுமையைப் பற்றி இன்று மாலை யாருக்காவது போதிப்பதாக இருந்தால் செல்லக்கிளி அக்காவை விட்டுவிடுங்கள், அவரிடம் அது வேண்டிய மட்டும் இருக்கிறது என்றாள்.

அடிகள் வடிகால் திருகை மூடினார். வெளியே வந்து புது எண்ணெயை ஊற்றினார். சாவியைத் திருகச் சொன்னார்.

எஞ்சின் உறுமியது. மறுகணமே அடியில் எண்ணெய் கொட்டியது. தேன் நிறம் மாறாத புது எண்ணெய், மண்ணில் ஓடியது.

"நிறுத்து தாயி."

அவள் நிறுத்தினாள். துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக்கொண்டு அவளே அடியில் நுழைந்தாள். ஃபில்டரைக் கழற்றினாள். அதன் வளையம் அதில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் எஞ்சின் பக்கம் இன்னொரு வளையம், பழைய ஃபில்டருடையது, கறுத்துப்போய் இரும்போடு இரும்பாக ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் பிய்த்து எடுத்து வந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"பழசு அப்படியே ஒட்டிக்கிட்டு இருந்திருக்கு. அதுமேலயே புதுசை மாட்டியிருக்கீங்க."

"ஆமா."

"புதுசு மாட்டிட்டா ஆச்சா? அடியில என்ன இருக்குன்னு பார்க்க வேண்டாமா?"

"பார்க்கணும்."

அவள் விரல் கறையைத் துப்பட்டாவில் துடைத்தாள். கேட்ட முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"பந்தியிலயும் இப்படித்தான் தெரியாம விட்டீங்களா?"

அடிகள் வளையத்தை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கூடத்தில் இரண்டாம் பந்திக்கு மணி அடித்தது. குனிந்தபடியே சொன்னார்.

"கார்லதான் தாயி, தெரியாம விட்டேன்."