தினமும் ஓடுகிற வண்டி

எங்கள் பேரூராட்சித் தலைவர் வைரவநாதன் ஏறிய மேடையிலெல்லாம் இரண்டு விஷயம் சொல்வார். ஏழைகளுக்கு வீடு கட்டித் தருவேன் என்பது ஒன்று. தினமும் விடிந்ததும் மோட்டார் சைக்கிளில் பன்னிரண்டு தெருவையும் சுற்றிக் குறை கேட்கிறேன் என்பது இன்னொன்று.

பைக் பேரணிக்கு ஊரே கூடியிருந்த அன்று அவர் வண்டி மட்டும் கிளம்பவில்லை. பட்டனை அழுத்தினால் 'டிக்' என்றது, அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு முன் அதற்குப் பேட்டரி மாட்டிய மெக்கானிக் ஜெசிந்தாவைக் கடையிலிருந்து வரவழைத்தார்.

"செத்த பேட்டரியை என் தலையில கட்டிட்டியா? அஞ்சு நிமிஷத்துல சார்ஜ் ஏத்து. இல்லேன்னா கடையைப் பூட்டு."

"சின்ன பேட்டரி தலைவரே, மெதுவாத்தான் ஏத்தணும். பத்து மணி நேரம் ஆகும். அவசரப்பட்டா கொதிச்சுக் கெட்டுப்போகும். தினமும் ஓடுற வண்டின்னா ஓட்டத்துலயே சார்ஜ் ஏறிக்கும். மாசக்கணக்கா சும்மா நின்னாத்தான் இறங்கும். வண்டி நின்னுதா?"

தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். "ஒரு நாள்கூட நின்னதில்ல."

"அப்போ பேட்டரிதான் கோளாறு. புதுசு மாட்டித் தர்றேன்" என்று ஜெசிந்தா பக்கவாட்டு மூடியைக் கழற்றினாள்.

உள்ளே, பேட்டரியின் மேல், கைப்பிடி அளவுக்குக் குளவி மண்கூடு கட்டியிருந்தது. பன்னிரண்டு தெரு சுற்றிய களைப்பு எதுவும் இல்லாமல் குளவி ஒன்று வெளியே வந்து பார்த்தது. கூட்டமும் எட்டிப் பார்த்தது.

"என்ன யோசனை? கூட்டை உடைச்சிட்டு மாட்டு" என்றார் தலைவர்.

ஜெசிந்தா ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

"எப்படி உடைக்கிறது தலைவரே? நீங்க பதவிக்கு வந்த பிறகு இந்த ஊர்ல எழும்பின வீடு இது ஒண்ணுதான்."