சவரிச் சிவப்பு

புதிர் என்றால் ராஜாவும் மந்திரியும் வேண்டும் என்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நான் சொல்லப்போவதில் இருப்பது கனடாவில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட், அங்கே வரிசையாக அடுக்கிய பெட்டிகள், பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும் பாம்புகள். காதைக் கொஞ்சம் தீட்டிக்கொள்ளுங்கள். விடைக்கு வேண்டியது எல்லாம் கதைக்குள்ளேயே கிடக்கிறது.

குணபாலனும் சவரிமுத்துவும் ஒரே பேக்கரித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். பாம்பு என்றாலே அலறி ஓடும் யாழ்ப்பாணக் குடும்பங்களில் பிறந்துவிட்டு, பனி கொட்டும் நாட்டில் போவாப் பாம்பு வளர்த்தார்கள். "பாம்பு வளர்க்கவோ பிளேன் ஏறி வந்தனீங்கள்?" என்று கல்யாண வீடுகளில் சனம் கிண்டல் செய்யும். இருவரும் சிரித்துவிட்டு, சாப்பாடு முடிந்ததும் முதல் ஆட்களாகக் குணபாலன் வீட்டுப் பேஸ்மென்டுக்கு ஓடிவருவார்கள்.

மலைப்பாம்பு மாதிரிப் போவாவுக்கும் விஷம் இல்லை. முட்டையிடாமல் குட்டி போடும். அவர்கள் வளர்த்த இனத்தில் குட்டிகள் பிறக்கும்போது செவ்வரத்தம் பூப்போலச் சிவப்பாக இருக்கும். அந்த அழகை நம்பினால் ஏமாந்தோம். மூன்று நான்கு வருடத்தில், துவைத்துத் துவைத்து வெளுத்த சட்டை மாதிரி மங்கிப் பழுப்பாகிவிடும். அந்தச் சிவப்பை நிற்க வைக்க வேண்டும் என்பது சவரியின் பிடிவாதம். அதற்கு அவசரப்பட முடியாது. ஒவ்வொரு ஈற்றுக் குட்டிகளையும் நான்கு வருடம் வைத்துப் பார்த்து, குறைவாக மங்கியவற்றை இணை சேர்க்க வேண்டும். நிறத்தை நிறுத்தியவர் பெயரையே அந்த வம்சத்துக்கு வைப்பது வளர்ப்பவர்களின் வழக்கம்.

இரண்டாம் ஈற்றில் ஒரு குட்டிக்கு ஒரு கண் இல்லை. தற்செயல் என்றார் குணபாலன். சவரி அதைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோய், அது இரையைத் தவறவிடும்போதெல்லாம் வாயருகே பிடித்து ஊட்டினார். அவர் மனைவி பிலோமினா அதற்கு ஒற்றைக்கண்ணன் என்று பெயர் வைத்தார்.

பதின்மூன்று வருடத்துக்குப் பிறகு, ஓர் ஈற்றில் அண்ணனும் தங்கையுமாக இரண்டு பாம்புகள் நான்கு வயதிலும் சிவப்பு மாறாமல் நின்றன. அந்த வருடம்தான் சவரிக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. கொண்டாடக்கூட முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவர் குணபாலனின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எங்கட சிவப்பை அழிய விட்டிடாதை, மச்சான்."

"விடமாட்டன்" என்றார் குணபாலன்.

இரண்டு நாள் கழித்து, பிலோமினா தேத்தண்ணி வாங்கக் கீழே போயிருந்த நேரம், சவரி கண்ணைத் திறந்தார். "அண்ணன்ர பெட்டியையும் தங்கச்சியின்ர பெட்டியையும் பக்கத்தில வைக்காதை" என்றார். மருந்து மயக்கத்தில் பிதற்றுகிறார் என்று குணபாலன் நெற்றியைத் தடவிவிட்டார். அதற்குப் பிறகு சவரி வாய் திறக்கவில்லை. பிலோமினா திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அடுத்த வருடம், கொடுத்த சொல்லை நினைத்து, குணபாலன் அந்த அண்ணனையும் தங்கையையும் இணை சேர்த்தார். பதினொரு குட்டிகள். பதினொன்றும் சிவப்பு. நான்குக்குக் கண்ணே இல்லை. கண் இருக்க வேண்டிய இடத்தில் செதில் மூடியிருந்தது. சவரி சொன்னது பிதற்றல் இல்லை என்று அப்போதுதான் உறைத்தது. அந்த வார்த்தையை அவர் யாரிடமும் சொல்லவில்லை. வெட்கம்.

பிலோமினா வந்து பார்த்தார். சாவீட்டுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவர் முகத்தில் சிரிப்பு. "அவர் திரும்பி வந்தமாதிரிக் கிடக்குது, அண்ணை. கண் இல்லாட்டி என்ன? நான் தீத்துவன்." நான்கையும் வீட்டுக்குக் கொண்டுபோனார். சொன்னபடியே ஒவ்வொன்றின் வாயிலும் இரையை வைத்து ஊட்டினார். நான்கும் வளர்ந்தன. நான்கும் மங்கவில்லை.

குணபாலன் மறுபடி அந்த இரண்டையும் சேர்க்கவில்லை. உறவே இல்லாத, சாதாரணப் பழுப்பு ஆண் ஒன்றை வேறு ஊரில் தேடிப் பிடித்துத் தங்கையோடு விட்டார். ஒன்பது குட்டிகள், பதினெட்டுக் கண்கள், எல்லாம் மணி மணியாக. ஆனால் மூன்றாம் வருடம் ஒன்பதும் பழுப்பாகிவிட்டன.

பிலோமினா பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்தார்.

"முந்தின ஈற்றில மற்ற ஏழுக்கும் கண் இருக்குதுதானே, அண்ணை. அதுகளுக்குள்ள சேருங்கோ. சிவப்பு நிக்கும்."

"ஏலாது, தங்கச்சி."

"ஏன்?"

குணபாலன் குனிந்து பெட்டிகளை ஒவ்வொன்றாக மூடத் தொடங்கினார்.

"அவரை இரண்டாம் தரமும் சாகக் குடுத்திட்டியள்" என்று சொல்லிவிட்டுப் பிலோமினா படியேறிப் போனார். அதற்குப் பிறகு அவர் அந்த வீட்டுக்கு வரவில்லை.

இப்போது ஒரு வீட்டில் சவரியின் சிவப்பு கண்ணில்லாமல் இருக்கிறது. மற்ற வீட்டில் புதிதாகப் பிறந்தவற்றுக்குக் கண்கள் இருக்கின்றன, சிவப்பு இல்லை. சொல்லுங்கள், இருவரில் சவரிக்குக் கொடுத்த சொல்லைக் காப்பாற்றியவர் யார்?

விடை: பாம்பு விஷயத்தில் குணபாலன்தான். நெருங்கிய உறவுக்குள்ளேயே சேர்த்துக்கொண்டு போனால் ஒருநாள் சிவப்பும் இருக்காது, பாம்பும் இருக்காது. பழுப்புக்குள் ஒளிந்திருக்கும் சிவப்பு, இப்படி வெளி இரத்தம் கலந்தவற்றைச் சேர்க்கும்போது, பேரக்குட்டிகளில் சிலவற்றில் திரும்பி வரும். சவரி கேட்டது அதைத்தான்; அண்ணன், தங்கை பெட்டிகளைப் பிரித்து வைக்கச் சொன்னதும் அவற்றைச் சேர்க்காதே என்பதற்காகத்தான். ஆனால் முழு மதிப்பெண் அவருக்குக் கிடையாது. "ஏன்?" என்று பிலோமினா கேட்டபோது, பெட்டிகளைப் பற்றிச் சவரி சொன்னதை அவர் சொல்லியிருக்க வேண்டும். ஒற்றைக்கண்ணனுக்குப் பெயர் வைத்தவரே அந்தப் பெண்தான். அரை வார்த்தையில் விளங்கியிருக்கும். தன் தவறு தெரிந்துவிடுமே என்று அவர் மூடி வைத்தது ஒரு மனிதனின் கடைசிப் பேச்சை. தேத்தண்ணி வாங்கப் போனதால் அதைக் கேட்காமல் போன மனைவிக்குச் சேர வேண்டியது அது. இன்னும் குணபாலனிடமேதான் இருக்கிறது.