படித்துக் காட்டிய கட்டுரை

தூத்துக்குடியில் ‘வெட்டவெளி’ என்றொரு இணையச் செய்தித்தளம் இருந்தது. மீன்பிடித் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், வலைக்கடை ஒன்றின் மாடியில் அதன் அலுவலகம். ஆசிரியர் ஜெசிந்தாவுக்கு நாற்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அவரிடம் எழுதப் பழக வந்த வேலாயுதப்பெருமாளுக்கு அவரைவிட வயது அதிகம்.

வேலாயுதப்பெருமாள் கட்சி மேடைகளில் முழங்கியவர். தொண்டையில் கட்டி வந்து அறுத்து எடுத்தபின், மருத்துவர் மேடையை மறந்துவிடச் சொல்லிவிட்டார். அடங்கிய குரலில்தான் ஜெசிந்தாவிடம் வந்து கேட்டார்: “பேச்சு போச்சு. எழுத்தாவது வருமான்னு பாக்கணும். சொல்லிக்குடுங்க, ஆசிரியரம்மா.”

எழுத்து வந்தது. அவருடைய அரசியல் கட்டுரை வெளியாகும் நாளில் தளமே திணறும். பழைய தோழர்கள் ‘அண்ணன் கிழிச்சுட்டாரு’ என்று எழுதி எழுதிப் பகிர்வார்கள்.

ஒருநாள் வாடிய முகத்தோடு வந்து உட்கார்ந்தார்.

“என்ன அண்ணாச்சி?”

“உப்பளத் தொழிலாளர் காலனிக்குப் போயிருந்தேன். குடிக்கத் தண்ணி இல்லாம சைக்கிள்ல குடத்தக் கட்டிக்கிட்டு அலையுதாங்க. உங்களுக்காகத்தான் எழுதுதேன்னு சொன்னேன். ஒரு பொம்பள கேட்டுட்டா, ‘எங்க தண்ணிக்கா எழுதுதீங்க, எங்க ஊராட்சித் தலைவியத் திட்டுததுக்கா’ன்னு.”

ஜெசிந்தா நாற்காலியை அவர் பக்கம் திருப்பினார்.

“அவங்க எல்லாம் எதிர்க்கட்சி ஓட்டு. நான் என்ன எழுதினாலும் நம்பமாட்டாங்க. ஆசிரியரம்மா, எதிர்த்தரப்பு ஆளு நம்ம எழுத்த என்னைக்கு நம்புவான்?”

“புதுசா ஏதும் எழுதியிருக்கீங்களா?”

எழுதியிருந்தார். அந்த ஊராட்சித் தலைவி சண்முகக்கனியைப் பற்றித்தான். காலனிக்கு என்று வந்த குடிநீர்த் தொட்டியை, ஏற்கெனவே குழாயில் தண்ணீர் வருகிற வடக்குத் தெருவில் கட்டிவிட்டார் என்பது செய்தி. ‘தாகத்தைத் தின்ற தலைவி’ என்பது தலைப்பு.

ஜெசிந்தா முழுவதும் படித்தார். ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. அச்செடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“இத அந்தம்மாகிட்ட படிச்சுக் காட்டிட்டு வாங்க. அப்புறம் போடுவோம்.”

“விரட்டிருவாங்களே.”

“விரட்டுத வரைக்கும் படிங்க.”

சண்முகக்கனி வீட்டு முற்றத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். வந்தவர் யாரென்று தெரிந்ததும் முகம் இறுகியது. ஆனால் நாற்காலியைக் காட்டினார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, “படிங்க. என்ன எழுதியிருக்கீங்கன்னு கேப்போம்” என்றார்.

வேலாயுதப்பெருமாள் தாளை விரித்தார். தலைப்பு முதலில் கண்ணில் பட்டது. அதை விட்டுவிட்டு முதல் வரியிலிருந்து தொடங்கினார்.

இரண்டாம் பத்தியில் ‘கணவர் ஆட்டுவிக்கும் பொம்மை’ என்று எழுதியிருந்தார். அந்த நேரம் பார்த்து, அடுக்களைக்குள்ளிருந்து அந்தக் கணவர் குரல் வந்தது. “கனி, சீனி எந்த டப்பால இருக்கு? வந்திருக்கவருக்குக் காபி போடணும்லா.”

அந்த வரியையும் தாண்டினார். அதற்கடுத்து தலைவியின் படிப்பைப் பற்றி ஒரு கேலி இருந்தது. கண் அதன்மேல் நின்றது, நாக்கு நகரவில்லை. அதையும் தாண்டினார். மேடையில் ஆயிரம் பேர் முன்னால் கூசாத நாக்கு, கீரை உருவுகிற ஒரு பெண்ணின் முன்னால் கூசியது. அவருக்கே விந்தையாக இருந்தது.

காலனிப் பெண்கள் தண்ணீருக்கு அலைகிற இடம் வந்தபோது மட்டும் அவர் எதையும் விடவில்லை. நிறுத்தி நிதானமாகப் படித்தார். கீரை உருவுகிற கை நின்றது.

“இது நெசந்தான்” என்றார் சண்முகக்கனி. “காலனிக்குள்ள தொட்டி கட்ட ஊராட்சிக்கு இடம் கிடையாது. எல்லாம் உப்பளக் கம்பெனி நெலம். கேட்டேன், தரமாட்டேன்னுட்டான். அத எழுதியிருக்கீங்களா?”

“இல்ல. எனக்குத் தெரியாது.”

“கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே.”

வேலாயுதப்பெருமாள் தாளை மடியில் வைத்தார். “அவன் தரலன்னதும் வடக்குத் தெருவுக்கு ஏம்மா கொண்டுபோனீங்க? அங்கதான் ஏற்கெனவே தண்ணி வருதே.”

சண்முகக்கனி உருவிய கீரையை ஓரமாக ஒதுக்கி வைத்தார்.

“அங்க என் சொந்தக்காரங்க இருக்காங்க” என்றார் கடைசியில். “அதையும் எழுதிக்கோங்க. பொய்யில்லையே.”

காபி வந்தது. குடித்துவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பினார்.

“எதையெல்லாம் விட்டுட்டுப் படிச்சீங்க?” என்று கேட்டார் ஜெசிந்தா.

வேலாயுதப்பெருமாள் கணினி முன்னால் உட்கார்ந்து அவற்றை ஒவ்வொன்றாக அழித்தார். தலைப்பு போயிற்று. பாதிக்கு மேல் போயிற்று. கம்பெனி மேலாளரைப் போய்ப் பார்த்து, நிலம் கேட்டதும் மறுத்ததும் உண்மைதான் என்று உறுதிசெய்துகொண்டு அதைச் சேர்த்தார். சொந்தக்காரர் தெருவையும் சேர்த்தார். ‘காலனியில் தொட்டி இல்லாதது ஏன்?’ என்று புதுத் தலைப்பு வைத்தார்.

கட்டுரை வெளியானது. அதை யாரும் கொண்டாடவில்லை. வழக்கமாக வருகிற வாசகர்களில் பாதிப்பேர் எட்டிப்பார்க்கவில்லை. வந்தவர்களில் ஒருவர், ‘அண்ணனையும் வளைச்சுட்டாங்களா?’ என்று கேட்டிருந்தார். வேலாயுதப்பெருமாளுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் காலனிப் பெண் ஒருத்தி செல்போனைத் தூக்கிப்பிடித்து அந்தக் கட்டுரையை வாசித்தாள். எல்லாரும் தலைவியைப் பார்த்தார்கள். சண்முகக்கனி தலை குனியவில்லை, மறுக்கவும் இல்லை. “சரி, கம்பெனிக்காரனப் போய்ப் பாப்போம், எல்லாரும் வாங்க” என்றார்.

உப்பு வாருகிற பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு, கம்பெனி வாசலில் வெயிலில் உட்கார்ந்தார்கள். சண்முகக்கனியும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு அவர்களோடு உட்கார்ந்தார். அன்று மேலாளர் வெளியே வரவில்லை. மறுநாளும் போய் உட்கார்ந்தார்கள். அந்த வாரக் கடைசியில் காலனி ஓரத்தில் தொட்டிக்கு இடம் விட்டுக்கொடுக்கக் கம்பெனி சம்மதித்தது.

தொட்டிக்கு அடித்தள வானம் தோண்டுகிற நாளில், எந்த ஆட்சி வந்தாலும் மாலைக்குக் கழுத்து நீட்டத் தவறாத ஒன்றியச் சேர்மன் செந்தூர்பாண்டி வந்திருந்தார். வேலாயுதப்பெருமாளுக்கு அவர் பழைய தோழர், ஒரே மேடையில் பேசியவர். “நான் கம்பெனி முதலாளிக்கு ஒரு போன் போட்டேன் வேலாயுதம். அதுக்கப்புறந்தான் விஷயம் நகந்துச்சு” என்றார்.

வேலாயுதப்பெருமாள் மகிழ்ந்துபோனார். அன்று மாலையே ஒரு கட்டுரை எழுதி அச்செடுத்துக்கொண்டு மாடியேறினார். ‘நிலம் பெற்றுத் தந்த நாயகன்’ என்பது தலைப்பு.

“இதுல ஒரு வசை கெடையாது, ஆசிரியரம்மா. நீங்க சொல்லுததுக்கு முந்தியே அவருக்குப் போன்ல படிச்சுக் காட்டிட்டேன். ஒரு வரி விடல. மனுசன் கலங்கிட்டாரு.”

ஜெசிந்தா தாளை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

“வாசல்ல உக்காந்தவங்ககிட்ட?”

“அவங்ககிட்ட எதுக்கு? திட்டி எழுதுனாத்தானே எதிராளிகிட்ட படிக்கணும்? இது பாராட்டு.”

“பாராட்டுக்கும் எதிராளி உண்டு, அண்ணாச்சி. இந்நேரம் உப்பளத்துலேர்ந்து வீட்டுக்கு வந்திருப்பாங்க. போய்ப் படிச்சிட்டு வாங்க.”

வேலாயுதப்பெருமாள் தாளைப் பார்த்தபடி நின்றார். முதல் பத்தியை, அந்தப் பெண்கள் முன்னால் படிப்பதுபோல், உதடு அசைய மெல்ல வாசித்துப் பார்த்தார். பாதியில் உதடு நின்றது. மேசைமேலிருந்த பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.