அருமைநாயகம் வைக்காத வார்த்தை

அருமைநாயகத்துக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். அன்று காதும் சிவந்து கழுத்தும் சிவந்து, டீச்சரின் மேஜை முன்னால் வந்து நின்றார்.

டீச்சர் ரெஹானாவுக்கு அவருடைய மகள் வயது. பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில், ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆங்கில எழுத்துக் காய்களை வைத்து வார்த்தை கட்டும் ஆட்டம் சொல்லிக்கொடுத்தாள். பைக்குள் கைவிட்டு ஏழு காய் எடுக்க வேண்டும். கிடைத்த எழுத்துகளில் வார்த்தை தேட வேண்டும். அதைப் பலகையில் ஏற்கெனவே இருக்கும் வார்த்தையோடு ஒட்டித்தான் வைக்க வேண்டும். ஓய்வுபெற்ற தாசில்தாரான அருமைநாயகம் அவளிடம் கைகட்டி நின்று கற்றுக்கொண்டார் என்றால், அவருடைய பழைய ஆபீசில் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

அன்று ஏழு எழுத்தும் சேர்ந்து ஒரே வார்த்தையாக அவர் கையில் அமைந்துவிட்டது. அவருக்கு அப்படி அமைந்ததே இல்லை. பலகையில் அதற்கு ஒரே ஓர் இடம்தான் இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த லூர்துசாமி ஒரு பொடி வார்த்தையை வைத்து அதை அடைத்துவிட்டார். அடைத்ததோடு விட்டாரா, சிரிக்கவும் செய்தார். அந்தச் சிரிப்பைத்தான் இவரால் பொறுக்க முடியவில்லை.

லூர்துசாமி பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளி. இருவரும் அருமைநாயகத்தின் ஸ்கூட்டரில்தான் வருவார்கள். "நீரு பஸ்ல போவும் வே" என்று முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டுத்தான் அருமைநாயகம் டீச்சரிடம் வந்திருந்தார்.

"அவன் இங்க வந்தா நான் வர மாட்டேன் டீச்சர். ரெண்டுல ஒண்ணு நீங்களே முடிவு பண்ணுங்க."

ஆட்டம் பாதியில் நின்ற பலகை கலைக்கப்படாமல் கிடந்தது. டீச்சர் அதை இழுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதுல அவர் வச்சது எதெல்லாம் சார்?"

அவருக்கு மறக்குமா? இது அவன், இதுவும் அவன்தான் என்று குத்திக் குத்திக் காட்டினார். அவர் காட்டக் காட்ட டீச்சர் பொறுக்கிப் பைக்குள் போட்டாள். இடத்தை அடைத்த அந்தப் பொடி வார்த்தையை மட்டும் அவரே பிடுங்கிப் போட்டார். போட்டதும் மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது.

"இப்ப உங்க வார்த்தைய வைங்க. தடுக்க ஆள் இல்ல."

கோபத்தில் அந்த ஏழு காய்களையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். எடுத்துக்கொண்டு குனிந்தார்.

பலகையில் அவர் வைத்த வார்த்தைகளையும் காணவில்லை. ஒன்றுக்குத் தலை போயிருந்தது, ஒன்றுக்கு நடு போயிருந்தது. லூர்துசாமியின் எழுத்தைக் குறுக்கே பிடித்துக்கொண்டுதான் அவர் அத்தனையையும் கட்டியிருந்தார். ஆசையாகக் குறிவைத்திருந்த அந்த ஒரே இடமும் லூர்துசாமி வார்த்தையின் ஓரம்தான். மாடு மேய்ந்துவிட்டுப் போன கொல்லை மாதிரி, சில எழுத்துகள் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றன.

அவருக்கு மறுபடியும் சுர்ரென்று ஏறியது.

"இது அநியாயம் டீச்சர். அவன் வச்சத எல்லாம் எடுத்துட்டா நான் எங்க கொண்டுபோயி வைப்பேன்?"

டீச்சர் ஜன்னல் வழியே கீழே பார்த்தாள். அவரும் பார்த்தார். பஸ் வந்து போய்க்கொண்டிருந்தது. லூர்துசாமி ஏறவில்லை. ஸ்கூட்டரில் சாய்ந்து நின்று கடலை தின்றுகொண்டிருந்தார்.

"ரெண்டுல ஒண்ணு கேட்டீங்களே சார்" என்றாள் டீச்சர். "சொல்லுங்க, யார எடுத்துடட்டும்?"

 காதில் சிவப்பு அப்படியே இருக்க, அருமைநாயகம் ஸ்கூட்டர் சாவியைத் தேடினார்.