ரயில்வே கேட் நிறுத்தம்

புரோகிராமில் ஒரு வரியைச் சேர்த்தவர் ஒருவர், எடுத்தவர் இன்னொருவர். நடுவில் ஒரு குழந்தை தண்டவாளத்துக்குப் பக்கத்தில் தனியாக நின்றது. குற்றம் யார் மேல் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

கோயம்புத்தூரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. பள்ளிக்கூட வேன் எங்கே வருகிறது என்று பெற்றோரின் செல்போனுக்குத் தகவல் அனுப்பும் ஆப் அவர்களுடையது. தலைவர் குணசீலன். அவருக்குக் கீழே மூன்று பேர். ஹாஜிராவுக்கும் இம்மானுவேலுக்கும் ஆபீசில் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. செண்பகவல்லி மட்டும் கோவில்பட்டியில், படுத்த படுக்கையான அம்மாவைக் கவனித்துக்கொண்டு வீட்டிலிருந்தே வேலை செய்தாள். அதற்கு அனுமதி தரும்போது குணசீலன் ஒரு நிபந்தனை வைத்தார்.

"நீங்க தூரத்துல இருக்கறதால ஒரு தப்பு வந்தாலும், கிளம்பி இங்க வந்துடணும்."

அம்மாவை விட்டுவிட்டு அவள் எங்கே வருவது? வேலையைத்தான் விட வேண்டும்.

ஒருநாள் டீக்கடையில் நின்றபோது ஹாஜிரா குணசீலனிடம் சொன்னாள்: "சார், ஒரு நிறுத்தத்துக்கு மட்டும் அம்மாக்கள் ரயில்வே கேட்டைத் தாண்டி வரணும். கேட் மூடிட்டா பிள்ளைங்க தனியா நிக்கும். அங்க மட்டும் தகவலைக் கொஞ்சம் முன்னாடியே அனுப்பிடலாமா?"

"பண்ணிடுங்க" என்றார். மேலே ஆபீசுக்கு வந்ததும் ஹாஜிரா அதற்கான வரியைப் புரோகிராமில் சேர்த்தாள். இம்மானுவேலுக்கு வயிற்றுப்புண். டீக்கடைப் பக்கமே போகமாட்டார்.

மறுநாள் அந்த வரி செண்பகவல்லியின் கண்ணில் பட்டது. எல்லா நிறுத்தத்துக்கும் ஒரு கணக்கு, இதற்கு மட்டும் வேறா? இம்மானுவேலைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, இது என்னன்னு தெரியுமா?"

"தெரியலையேம்மா. கை தவறிச் சேர்ந்திருக்கும். எடுத்துடு."

காதில் ஹெட்போனோடு பேசிய அவர், பக்கத்திலிருந்த ஹாஜிராவின் பக்கம் திரும்பக்கூட இல்லை. செண்பகவல்லி வரியை எடுத்துவிட்டாள்.

அன்று மாலை அந்த நிறுத்தத்துக்குத் தகவல் முன்கூட்டியே போகவில்லை. கேட் மூடியிருந்தது. அந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் யூகேஜி படிக்கும் பிள்ளை, நடுவில் முடியாமல் போய்க்கொண்டே இருந்த சரக்கு ரயில். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை.

மறுநாள் வீடியோவில் எல்லோரும் கூடினார்கள்.

"இங்க இருந்திருந்தா இது நடந்திருக்குமா செண்பகவல்லி? நிபந்தனை ஞாபகம் இருக்குல்ல?" என்றார் குணசீலன்.

உள்ளறையில் செண்பகவல்லியின் அம்மா தண்ணீர் கேட்பது எல்லோருக்கும் கேட்டது.

வரியைச் சேர்த்துவிட்டுச் சொல்லாத ஹாஜிராவா, விசாரிக்காமல் பதில் சொன்ன இம்மானுவேலா, எடுத்த செண்பகவல்லியா? பெரிய தவறு யாருடையது? செண்பகவல்லி கோயம்புத்தூருக்கு வந்துதான் ஆக வேண்டுமா?

விடை: வர வேண்டியதில்லை. மூவரிடமும் கொஞ்சம் தவறு உண்டு. ஆனால் நிபந்தனை தூரத்தால் வரும் தப்பைப் பற்றியது. இம்மானுவேல் கை நீட்டினால் எட்டும் இடத்தில் இருந்தார், அவருக்கும் தெரியவில்லை. தெரிந்தவர்கள் டீக்கடையில் நின்ற இருவர் மட்டுமே. அவர்களில் ஒருவர் தலைவர். எல்லோருக்கும் சொல்லியிருக்க வேண்டியவர் அவர்தான். ஹாஜிராவே வாயைத் திறந்தாள்: "சார், டீக்கடைல நீங்களும்தானே இருந்தீங்க?" இப்போதெல்லாம் டீக்கடையிலிருந்தே கோவில்பட்டிக்குப் போன் போகிறது. பக்கத்தில் வெந்நீர் டம்ளரோடு இம்மானுவேலும் நிற்கிறார்.