ஒரே எண்ணில் இரண்டு புத்தகம்

கிட்ட வந்து உட்காருங்க. எட்ட இருந்து கேட்டால் பயந்துடுவீங்க.

ரொம்ப ரொம்பக் காலத்துக்கு முன்னால, ஒரு அரண்மனையில் பத்தாயிரம் புத்தகம் கொண்ட நூலகம் இருந்தது. அதைக் கவனித்துக்கொண்டவள் பூவாயி. எந்தப் புத்தகம் எதைப் பற்றியதோ அதற்கேற்ற எண்ணைத் தன் கையாலேயே முதுகில் ஒட்டி, வரிசையாக அடுக்குவாள். ஒரு எண்ணுக்கு ஒரே புத்தகம்.

ஒருநாள் சடையப்பூதன் என்ற மந்திரவாதி வந்து பாதி ராஜ்யம் கேட்டான். ராஜா மறுத்தார். அவன் கையை ஒரு சுழற்றுச் சுழற்றினான். ஐயையோ! ராஜா மகள் நகைமுத்துவின் பாதம் கல்லாகிப் போச்சு!

“உன் நூலகத்தில் புத்தகமாக ஒளியப் போறேன். கல் கழுத்துக்கு ஏறுமுன் கண்டுபிடி. தப்பான புத்தகத்தை நீட்டினால் அப்போதே உன் மகள் சிலை!” என்று சொல்லி மறைந்தான்.

சேவகர்கள் பாய்ந்து அத்தனை புத்தகத்தையும் இழுத்துத் தரையில் கொட்டினார்கள். கல் முழங்காலுக்கு ஏறியது.

“எல்லாத்தையும் திரும்ப அடுக்குங்க,” என்றாள் பூவாயி.

“என் பிள்ளை கல்லாகிறாள், நீ வீடு பெருக்குறியா?” ராஜா அலறினார்.

“நீங்களும் குனிஞ்சா சீக்கிரம் முடியும், மகாராஜா.”

ராஜா கிரீடத்தைக் கழற்றிவிட்டுக் குனிந்தார்.

எண் பார்த்து எடு, இடம் பார்த்து வை. கல் இடுப்புக்கு ஏறியது. எண் பார்த்து எடு, இடம் பார்த்து வை. கல் மார்புக்கு ஏறியது.

“அம்மா பூவாயி,” மந்திரி திகைத்தார், “இந்த எண்ணுக்கு இங்கே ஏற்கெனவே ஒண்ணு உட்கார்ந்திருக்கே!”

பூவாயி ஓடி வந்தாள். தட்டில் இருந்ததைப் பிரித்தாள்: யானைக் கால்புண்ணுக்கு மருந்து. மந்திரி கையில் இருந்ததைப் பிரித்தாள்: நட்சத்திரப் படங்கள்!

“நட்சத்திரத்துக்கு யானை எண்ணை நான் ஒட்டுவேனா? பக்கத்தில் இருந்ததைப் பார்த்து எழுதிட்டீரே, சடையப்பூதரே!” நட்சத்திரப் புத்தகத்தைச் சட்டென மூடிச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டினாள்.

புத்தகம் வீலென்று கத்தியது. “அவிழ்த்து விடுடி!”

“மந்திரத்தை எடுக்கிறீரா, கரையான் புற்றுமேல வைக்கட்டுமா?”

“எடுத்துட்டேன், எடுத்துட்டேன், எடுத்துட்டேன்!”

கழுத்தைத் தொடப்போன கல் பொலபொலவென்று உதிர்ந்தது. “அப்பா, தலையெல்லாம் ஏன் தூசி?” என்றாள் நகைமுத்து. ராஜா அவளை வாரி அணைத்து, “பூவாயி, என்ன வேணும், கேள்!” என்று தேம்பினார்.

“நாலு புது அலமாரி. சேவகர் ஒருத்தரும் உள்ளே வரக் கூடாது.”

சொல்லிவிட்டு, கட்டிய புத்தகத்தில் பொய் புரட்டுகளுக்கான எண்ணை ஒட்டி, அடித்தட்டில் செருகி, மேலே ஒரு சீட்டு எழுதி வைத்தாள்: ‘இரவல் கிடையாது.’